எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத வண்டி

என் மாமா சாமி கும்பிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் கோயிலில் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் முன்புறம், புல் வெட்டும் டிராக்டர் ஒன்றின் பின்னால், ஈரத்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அதுவரை அசையவே மாட்டேன் என்று நின்ற வண்டி, அவர் எழுந்ததும் நகர்ந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதன்பிறகு எங்கள் நைனாவின் ஸ்கூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் நானும் அதன் பின்னால் விழுந்து கும்பிட்டேன். ஒருமுறைகூடப் பலிக்கவில்லை.

மாமா என்றால் நைனாவின் தங்கையான என் அத்தையின் கணவர். புதுவாயலில் வீடு. இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. மாமா லோடு வண்டி ஓட்டினார். அவர் கம்பெனி ஆள். அத்தை தோட்ட வேலை செய்தாள். அவள் கான்ட்ராக்ட் ஆள். கேன்டீனில் எங்கே உட்காரலாம் என்பதில் தொடங்கி, தீபாவளிக்குத் தரும் இனிப்புப் பெட்டியின் அளவு வரைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். வெயிலில் குந்தியபடியே புல் அறுத்து அத்தைக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது. காலாண்டு லீவு விட்டதும் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷம் கம்பெனியின் பெரிய புல்தரைக்கு, உட்கார்ந்தபடி ஓட்டும் வண்டி ஒன்று வாங்குவதாக இருந்தார்கள். இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிவப்பு வண்டியில் கிளட்சும் கியரும் உண்டு. நீல வண்டியில் கியரே கிடையாது. அதற்கு ஹைட்ரோஸ்டாட்டிக் என்று பெயர். உள்ளே ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த எண்ணெய் சக்கரத்தைச் சுற்றும். வலது காலடியில் இரண்டு பெடல்கள். ஒன்றை மிதித்தால் முன்னால் போகும், மற்றதை மிதித்தால் பின்னால் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும்.

சிவப்பை வாங்கினால் கியர் வண்டி ஓட்டத் தெரிந்த வெளியாள் ஒருவன் வேலைக்கு வருவான். நீலத்தை வாங்கினால் அத்தையையே ஓட்டச் சொல்லி, கம்பெனி ஆளாகவும் ஆக்கிவிடலாம் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அத்தைக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால். ஏறி உட்கார்ந்த அன்றே அந்தப் பெடல் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதிலிருந்து அவள் தூக்கத்திலும் வலது காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்கோ கியர் இல்லாத வண்டி என்றாலே இளக்காரம். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் அதே கச்சேரிதான்.

“கியரு இல்லாதது ஒரு வண்டியாமே? மத்தியான வெயில்ல எண்ணெ சூடாச்சின்னா மேட்டாண்ட இழுக்காது, பாத்துக்கினே இரு.”

“யோவ், மேல ஒரு ஃபேன் கீது, அதுல புல்லு அடைச்சிக்கினாதான் சூடாவுது. நான் ஈர்க்குச்சியால எடுத்து வுட்டுர்றேன், கம்முனு இழுக்குது. உன் சிவப்பு வண்டிய மரத்த சுத்தி வளைக்கறதுக்குள்ள கிளட்ச மிதிச்சி மிதிச்சி காலு வீங்கிடும்.”

“எண்ணெ மாத்தவே வழியில்ல, பம்பு பொட்டிய சீல் வச்சிட்டான். கெட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“மாத்தற மாரி வேற மாடலு கூட கீதாம். ஆமா, இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“கேட்டுக்கினேன்,” என்று மாமா ரசத்தை உறிஞ்சினார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அத்தை நீல வண்டியில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அந்த லீவில் எனக்கு வேறு வேண்டுதலே இல்லை. இந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு இப்படிக் குறுக்கே விழுகிறாரே என்று இருந்தது.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பாவாடை சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு நானும் போனேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசலில் சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்ததும், எதை வாங்குவது என்று முதலாளியே சொல்லப் போவதாகப் பேச்சு. நீல வண்டி மட்டும் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. யாரோ விடியற்காலையிலேயே அதைத் தேய்த்துக் கழுவி, பூச்சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். யார் கழுவியது என்று அத்தை கேட்டாள். எனக்கு என்ன தெரியும் என்று மாமா வேறெங்கோ பார்த்தார்.

முதலில் சிவப்பு வண்டியைக் கிளப்பினார்கள். கடகடவென்று பழத்தின் மேல் ஏறி இறங்கி ஒரு சுற்று வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து அத்தை, புடவைக்கு மேல் காக்கிச் சட்டையோடு, நீல வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். என்ஜின் உறுமியது. வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். சத்தம்தான் கூடியது, பழம் வைத்தது வைத்தபடியே இருந்தது.

பின்னால் யாரோ அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். முதலாளி முகம் சுருங்கிப் போயிற்று. மாமா இந்நேரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார் என்று திரும்பினால், அவர் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அத்தை பெடலிலிருந்து காலை எடுத்தாள். வண்டியில் சுற்றியிருந்த பூச்சரத்தைப் பார்த்தாள். பிறகு, ஏனோ, அவள் முகம் மெல்ல மலர்ந்தது. என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள். வீட்டில் எப்போதும் யோவ்தான். இந்த ஏங்கவை நான் அதுவரை கேட்டதே இல்லை. “வண்டிக்குப் பின்னாடி வந்து நல்லா வுழுந்து கும்புடுங்க. இன்னும் கிட்ட வாங்க. இன்னும் கீழ.”

மாமா ஓடிவந்து வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே தலை போகும்படி விழுந்தார். கைகளை நன்றாக உள்ளே நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சேறு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “தாயே, இப்ப எடு,” என்றார்.

அத்தை என்ஜினைக் கிளப்பிப் பெடலை மிதித்தாள். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. பழம் வெடித்துச் சாறு மேனேஜரின் பேன்ட்டில் தெறித்தது. வேப்பமரத்தை ஒரு வட்டம் அடித்து, பின்னோக்கியே ஓட்டி வந்து, எடுத்த இடத்திலேயே நிறுத்தினாள். முதலாளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இப்படிப்பட்ட பக்திமான் நம்மிடம் லோடு வண்டி ஓட்டுகிறாரா என்று மாமாவின் நெற்றியில் தன் கையாலேயே குங்குமம் இட்டார். அத்தை ஓட்டியதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் நீல வண்டியை வாங்கினார்கள். அடுத்த தீபாவளிக்குப் பெரிய இனிப்புப் பெட்டிகள் இரண்டு வந்தன.

இப்போது நான் காக்களூரில் ஒரு கம்பெனியில், சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வந்தது. ஒன்று சீல் வைத்த பெட்டி, இன்னொன்று எண்ணெய் மாற்றக்கூடியது. விற்க வந்த பையன் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு சின்னக் கம்பியைக் காட்டினான். அதை வெளியே இழுத்துவிட்டால் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போகலாம். மறக்காமல் திரும்ப உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் என்ன உறுமினாலும் சக்கரம் சுற்றாது என்றான். நான் சிரித்த சிரிப்பில் பாவம், பையன் பயந்துவிட்டான்.

அன்றைக்கே அத்தைக்கு போன் போட்டேன். உனக்கு அப்போதே தெரியுமா, தெரிந்தால் இறங்கி நீயே தள்ளியிருக்கலாமே, முதலாளிக்கும் உன் திறமை தெரிந்திருக்குமே என்று கேட்டேன்.

“தெரியாம இன்னா? அந்தக் கம்பியக் கடைக்காரன் காட்டுனதே எனுக்கும் உங்க மாமாவுக்குந்தான். அது இழுத்து வுட்டுக் கீதுன்னா யாரோ வண்டிய கொழாயாண்ட தள்ளிக்கினு போயிருக்காங்கன்னு தான அர்த்தம்? வெடிகாலைல போயி கழுவி, பூ சுத்துனது யாருன்னு எனுக்கு அப்பதான் தெரிஞ்சிது. ஒரு வாரமா திட்டிக்கினே இருந்த மனுசன். அத்தினி பேரு எதிர்ல அவர வுட்டுக் குடுத்துருவனா? அது தெரிஞ்சப்பறம் பழம் நசுங்குனா இன்னா, நசுங்காட்டி இன்னா.”

அந்த ஏங்க எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. நான் அதைச் சாமியின் வேலை என்று நம்பி, ஸ்கூட்டருக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தேன்.