கல்லின் குழியில் வைரவர்

அருள்நாயகம் அண்ணை கொன்கிறீற் போட்டால் அது போட்டபடியே கிடக்கும். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் பல தமிழ் வீடுகளின் டிரைவ்வேயும் படிக்கட்டும் அவருடைய கைதான். ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடமொன்றில் ஒற்றை அறையில் ஒண்டியிருந்த காலத்தில் பழகிய தொழில். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். எந்த வீட்டுக்குப் போனாலும் சாமியறை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வருவார்.

போன வசந்தத்தில், அஜக்ஸுக்கு வடக்கே மேட்டுப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் பொக்டான் என்ற உக்ரேனியரின் களஞ்சியத்துக்குக் கொன்கிறீற் நிலம் போடப் போனார். பண்ணைக்குப் பின்னால் ஒரு சிறு குன்று. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அதில் ஏறியவர், உச்சியில் இடுப்பளவு உயரமான ஒரு கல்லைக் கண்டார். அதில் பால் ஊற்றிய தடம். அடியில் வீட்டில் சுட்ட பாணில் ஒரு துண்டு, வாடிய பூக்கள். கல்லின் தலையில் கிண்ணம்போல ஒரு குழி. பக்கத்தில் மரம் வேறு. அண்ணைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“வைரவரப்பா!” என்றார் வீட்டுக்கு வந்ததும் மனைவி யோகமலரிடம். “சூலம் நடுறதுக்கெண்டே குழியும் இருக்கு. உந்த வெள்ளைக்காரன் ஆரெண்டு தெரியாமலே பால் ஊத்திக்கொண்டிருக்கிறான்.”

“அவையின்ர காணி. கேட்டுட்டுச் செய்யுங்கோ.”

“கேட்டால் அவனுக்கு விளங்குமே? செய்து காட்டினால்தான் விளங்கும்.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவு மூலையில் ஒரு கல்லும் சூலமும் இருந்தால் அது வைரவர். ஐயரும் வேண்டாம், கும்பாபிஷேகமும் வேண்டாம். ஆனால் வளவு தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் அண்ணை மறந்துபோனார்.

ஸ்காபரோவில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லி இரும்புச் சூலம் செய்வித்தார். நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, பொக்டான் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த நேரத்தில், குழியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார். சீமெந்து குழைத்து நிரப்பிச் சூலத்தை நிறுத்தினார். சந்தனம் பூசி, சிவப்புப் பட்டுத் துண்டு கட்டி, கற்பூரமும் காட்டினார். திங்கட்கிழமை பொக்டானைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குன்றுக்குக் கூட்டிப்போனார்.

பொக்டான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணையும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பார். அந்த மனிதர் குழி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தண்ணீர் எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பொக்டானும் அவருடைய ஆட்களும், தேவாலயம் வருவதற்கு முன்பு தங்கள் முன்னோர் கும்பிட்ட பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். அந்த முன்னோர் மலை உச்சிகளிலும் குழி விழுந்த கற்களிலும் பூசை செய்தவர்கள். வானத்திலிருந்து விழுந்து குழியில் தேங்கும் நீர்தான் அவர்களுக்குத் தீர்த்தம். கோடைத் திருவிழாவில் அதை எடுத்துக் கண் கழுவுவார்கள். இந்தக் கல்லுக்காகத்தான் பொக்டான் பண்ணையையே வாங்கியிருந்தார். பார்வை மங்கிவரும் அவருடைய தாய் வருடம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர்.

அண்ணைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்று தான் நினைத்த மனிதன், எல்லாம் தெரிந்தே கும்பிட்டிருக்கிறான். “இப்போதே உடைத்து எடுக்கிறேன்” என்று உளி எடுக்க ஓடினார். பொக்டான் மறித்தார். அந்தக் கல்லில் இரும்பு படக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். இரும்புச் சூலத்தை நட்டுவிட்டு நிற்கிற ஆளுக்கு இதைவிட வேறு அடி வேண்டுமா!

அதற்குப் பிறகு வேலை முடிந்த பின்னேரங்களில் அண்ணை குன்றில் கிடந்தார். வினாகிரி ஊற்றிச் சீமெந்தை ஊறவைத்து, மரக்குச்சியால் கிண்டிக் கிண்டி எடுத்தார். நகமெல்லாம் தேய்ந்தது. சூலம் கழன்று வந்த அன்று, அதைப் பார்க்கவே வெட்கப்பட்டுத் தன்னுடைய வேலை வான் வண்டியின் பின்பக்கத்தில் எறிந்தார். அது சீமெந்துப் பைகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் அடியில் போய்விட்டது. அதோடு அதை மறந்தும் போனார்.

திருவிழாவுக்கு முன்பு மழை பெய்தது. குழியில் தண்ணீர் நின்றது. பொக்டான் வற்புறுத்தியதால் அண்ணையும் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றார். பொக்டானின் தாய் கல்லைத் தடவித் தடவிக் குழியைக் கண்டுபிடித்து, நீரை அள்ளிக் கண்களில் ஒற்றினார். அண்ணைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தத் தாய் அவரை அருகே அழைத்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். பொக்டான் ஆங்கிலத்தில் சொன்னார்:

“உங்களுடைய சாமியை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்.”

அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. “கோயிலில் கொடுத்துவிட்டேன்” என்றார்.

பொக்டான் அதைச் சொன்னதும் தாயின் முகம் மலர்ந்தது. அண்ணையின் தேய்ந்த விரல்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“எந்தக் கோயில் என்று கேட்கிறார்,” என்றார் பொக்டான். “எங்களுக்காகத்தானே நீங்கள் உங்கள் சாமியைக் குன்றிலிருந்து இறக்கினீர்கள். ஒருநாள் பாலும் பாணும் கொண்டுபோய் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்.”

ரொறொன்ரோவில் தெரியாத கோயில் இல்லை அண்ணைக்கு. ஒன்றின் பெயரும் வாயில் வரவில்லை. குன்றடியில் சீமெந்துப் பைகளோடு அவருடைய வான் நின்றது. அந்தத் தாய் ஈரக் கண்களோடு அவருடைய கையை விடாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.