மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள்

திருத்துறைப்பூண்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தோணிமுத்துவின் மகள் ஃபிளோராவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஐரோப்பாவில் ஓட்டல்கள் நடத்தும் ஒரு கம்பெனியின் இணையதளம் ஏழு மொழிகளில் இருந்தது. ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி. ஜெர்மனில் ஒரு அறையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இத்தாலிய மொழிக்கு மாறினால் அதே அறைக்குத்தான் போய்ச் சேருகிறாரா, இல்லை நடுத்தெருவில் நிற்கிறாரா என்று பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து விசாரித்தவர்களிடம் அவள் அம்மா சவரியம்மாள், "அட்ரஸ் பாக்குற வேலைங்க. தபாலாபீஸ் மாதிரிதான், என்ன, ஏசி ரூமு" என்று சொல்லி முடித்துவிடுவாள். அது அப்படியொன்றும் தப்பில்லை என்று ஃபிளோராவுக்கே தோன்றும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அங்கே சேர்ந்த முதல் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று சிதறிப் போனார்கள். அவள் சித்தப்பா மகன் ரெமிஜியஸ் பாரிஸுக்கே போய் ஒரு மளிகைக்கடை போட்டு அமர்ந்துவிட்டான். ஃபிளோரா சென்னை வரை போனாள். பள்ளிக்கூட ஆசிரியர் ஜோசப்ராஜைக் கட்டிக்கொண்டு, அவருக்குத் திருத்துறைப்பூண்டிக்கே மாறுதல் கிடைத்ததும் திரும்பி வந்தாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்து பார்த்தாள். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். ஓட்டல் முகவரிகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் துரைராசு வந்தார்.

துரைராசு அரிசி வியாபாரி. சுற்று வட்டாரத்து விவசாயிகளிடம் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி மாதிரிப் பழைய ரக நெல்லை வாங்கி, அரைத்து, பை போட்டு விற்பவர். வெளிநாட்டிலும் கேட்கிறார்கள் என்றதும் சென்னையில் ஒரு நிறுவனத்தைப் பிடித்து, தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழியில் இணையதளம் போட்டிருந்தார். பிரெஞ்சு எதற்கு என்றால், ரெமிஜியஸின் கடைக்கு.

ஒரு காலையில் அவர் போனை நீட்டிக்கொண்டு ஃபிளோரா வீட்டு வாசலில் நின்றார்.

"ஃபிளோராம்மா, நம்ம வெப்சைட்டுக்கு ஏதோ பேய் புடிச்சிருக்கு. அரிசி கேட்டு எழுதுங்கன்னா பொண்ணு ஜாதகம் அனுப்புறாங்க."

"உள்ள வாங்கண்ணே. என்ன ஜாதகம்?"

"நீங்களே பாருங்க. கனடாவுலேருந்து ஒருத்தர். பொண்ணுக்கு இருபத்தாறு வயசாம், பல் டாக்டராம். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு கேக்குறாரு. இவரு பாருங்க, மலேசியா. 'எவ்வளவு வேண்டும்'ங்குற எடத்துல 'ஒன்று போதும்'னு போட்டிருக்காரு. ஒரு கிலோவ மலேசியாவுக்கு எப்படிம்மா அனுப்புறது?"

ஃபிளோரா மடிக்கணினியைத் திறந்தாள். ஆங்கிலப் பக்கத்தின் முகவரியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சென்னைக்காரர்கள் மாப்பிள்ளைச் சம்பாவை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து, சம்பாவையும் விட்டுவிட்டு, ஊருக்குத் தஞ்சாவூரைச் சேர்த்து, 'தஞ்சாவூர்-பிரைட்குரூம்' என்று முகவரி கொடுத்திருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மாப்பிள்ளை தேடி இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டுகிற வெளிநாட்டுப் பெற்றோரெல்லாம் நேராக இங்கே வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் மேலே பெரிய படம். துரைராசுவின் தங்கை மகன் வேட்டியை மடித்துக் கட்டி, கதிர்க்கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறான். அரிசிப் பை பக்கத்தின் அடியில் எங்கேயோ கிடந்தது. அதுவரை யார் போவார்கள்?

"கேள்வி கேட்டவங்களுக்கு என்ன பதில் போகுதுண்ணே?"

"அது தானாப் போயிடும்மா. எழுதி வெச்சிருக்காங்க."

அவள் அந்தத் தானியங்கிப் பதிலைத் தேடி எடுத்து, தமிழாக்கி உரக்கப் படித்தாள். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. வெள்ளம் வந்தாலும் சாயாது. ரசாயனம் எதையும் தொட்டதில்லை. உடலுக்கு நல்ல வலு. உடனே அனுப்பத் தயார்."

சொல்லி முடிக்கவில்லை, சமையலறையிலிருந்து ஜோசப்ராஜின் சிரிப்புச் சத்தம் கேட்டது. துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. "அதான் அந்த மலேசியாக்காரரு நேத்து போன் பண்ணி, ரசாயனம் தொடாத பையனா, கேக்கவே சந்தோஷமா இருக்குன்னாரு. நானும் ஆமாங்க, ஒரு சொட்டு கெடையாதுன்னுட்டேன்" என்றார்.

வேலையை ஃபிளோரா ஏற்றுக்கொண்டாள். தோண்டத் தோண்டக் கோளாறு வந்தது. அன்று மாலையே ரெமிஜியஸைக் கூப்பிட்டுப் பிரெஞ்சுப் பக்கத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான் அவன். "பிரெஞ்சுல மாப்பிள்ளைன்னா மரியே. கடைசி எழுத்து மேல ஒரு கோடு இருக்கும். பையில அச்சடிச்ச முகவரியில அந்தக் கோடு விழுந்துபோச்சு. கோடு இல்லாட்டி மரி. மாதா பேரு! கோயிலுக்கு வர்ற நம்ம பொம்பளைங்கல்லாம் மாதா அரிசின்னு நெனச்சு வாங்கிட்டுப் போறாங்க. வேளாங்கண்ணியில மந்திரிச்சதான்னு கேக்குறாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"வேளாங்கண்ணி பக்கத்துலதான் வெளையுதுன்னேன். அது பொய் இல்லையே."

"அடப்பாவி, சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொல்லு!" என்று திட்டினாலும், போனை வைத்தபின் அவள் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ப் பக்கத்தின் சங்கதி வேறு. அதன் முகவரி அழகான தமிழ் எழுத்திலேயே இருந்தது. ஆனால் மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால் அது சதவீதக் குறியும் எண்ணுமாக இரண்டு வரிக்கு நீண்டுவிடும். வைரஸ் என்று பயந்து யாரும் தொடுவதில்லை. இதெல்லாம் போதாதென்று, எந்தப் பக்கத்திலிருந்து மொழியை மாற்றினாலும் முகப்புக்கே கொண்டுபோய் விட்டது.

ஃபிளோராவுக்குக் கை பரபரத்தது. ஏழு மொழி ஓட்டல்களுக்குப் பார்த்த வேலைதான். ஆனால் அந்த ஓட்டல்களில் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை. இதுவோ அவள் தினம் உலையில் போடுகிற அரிசி. மூன்று மொழியிலும் 'மாப்பிள்ளை-சம்பா' என்ற பெயரையே முகவரியாக வைப்பது என்று முடிவு செய்தாள். ஊர்ப் பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? முன்னால் எந்த மொழி என்று காட்ட இரண்டு எழுத்து, பின்னால் அரிசியின் பெயர். தமிழுக்கு மட்டும் தமிழ் எழுத்து முகவரியையும் விடாமல் வைத்துக்கொண்டாள்.

"பழைய அட்ரஸ எடுத்துடலாமாண்ணே" என்று அவள் கேட்டபோதுதான் துரைராசு பதறினார்.

"ஐயையோ, பை பூரா அதத்தானம்மா அச்சடிச்சு வெச்சிருக்கேன்! கோடவுன் நெறயக் கெடக்கு. பாரிஸ்லயும் பையில அதான் இருக்கு."

"எடுக்க வேண்டாம். பழைய அட்ரஸுக்கு யாரு வந்தாலும் புதுசுக்குத் திருப்பி விட்டுடலாம். வந்தவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"ஓ, மடைய மாத்தி விடுற மாதிரி."

"அதேதான்."

"அப்ப இன்னொண்ணு. மாப்பிள்ளைய இங்கிலீஷ்ல ஒருத்தன் ஒரு பி போடுறான், ஒருத்தன் ரெண்டு பி, ஒருத்தன் ரெண்டு ஏ. யாரு எப்படித் தப்பா எழுதுனாலும் சோறு கெடைக்கணும்மா."

ஒரு இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்று சென்னையில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பினாள். ஒரே அரிசியின் மூன்று மொழிப் பக்கங்களும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, மொழியை மாற்றினால் அதே அரிசிக்கே கொண்டுவிடும்படி கட்டினாள். தங்கை மகன் படத்தைக் கீழே இறக்கி, சோற்றுத் தட்டை மேலே ஏற்றினாள். பையனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மிச்சம் இருந்தது ஏற்கெனவே ஏமாந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் அவளே மன்னிப்புக் கேட்டு எழுதினாள். கனடாக்காரர் பதிலே போடவில்லை. மலேசியாவில் ஈப்போவிலிருந்து எழுதிய வீரையனுக்கு மட்டும் போனிலேயே சொல்லிவிடுவது என்று துணிந்தாள், துரைராசு ஒரு சொட்டு கிடையாது என்று வாக்குக் கொடுத்திருந்தாரே.

"ஐயா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அது மாப்பிள்ளை இல்லைங்க. அரிசிங்க."

"அரிசியா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"மாப்பிள்ளைச் சம்பா. நெல்லு பேருங்க."

வீரையன் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. "எங்கப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்துலேருந்து கப்பலேறி வந்தவரும்மா. இந்தப் பேர அவரு சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கல்லவா வெளங்கியிருக்கணும்! போகட்டும், பத்து கிலோ அனுப்பச் சொல்லு. மாப்பிள்ளைதான் கெடைக்கல."

மறுநாள் அதே ஊரிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. இளம் பெண்குரல்.

"அக்கா, நான் ஜீவிதா. வீரையன் மக. நீங்க ஏன் அவசரப்பட்டு அரிசின்னு சொன்னீங்க?"

ஃபிளோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சொல்லாம எப்படிம்மா?"

"இன்னும் ரெண்டு மாசம் அப்பா அந்த ஆறடி மாப்பிள்ளை பின்னாடியே அலைஞ்சிருப்பாரு. நான் நிம்மதியா இருந்திருப்பேன். நாளையிலேருந்து மறுபடி வேற பையன் படமாக் கொண்டாந்து காட்டுவாரு." குரலைத் தாழ்த்தி, "எங்க ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்குற ஒருத்தர் இருக்காருக்கா. திருமுருகன்னு பேரு. அப்பாகிட்டச் சொல்ல வாய் வரல" என்றாள்.

முன்பின் தெரியாத பெண். ஆனாலும் ஃபிளோராவுக்கு அவளை விட மனமில்லை. "உங்கப்பா நேத்து என்கிட்ட எப்படிச் சிரிச்சாரு தெரியுமா? அப்படிச் சிரிக்குற மனுசன் கடிச்சுத் தின்னுட மாட்டாரு. இன்னிக்கே சொல்லிடு. சந்தோஷத்துல இருக்காரு."

ஜீவிதா அன்றே சொன்னாள். வீரையன் இரண்டு நாள் பேசாமல் இருந்தாராம். மூன்றாம் நாள், "பையன் குடிப்பானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

தை மாதம், அறுவடை நேரத்தில், வீரையன், ஜீவிதா, திருமுருகன் மூவரும் வந்தார்கள். அப்பா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது வீரையனின் ஆசை. பட்டுக்கோட்டை போகும் வழியில் ஃபிளோரா வீட்டில் சாப்பாடு. துரைராசுவும் வந்திருந்தார், தங்கை மகனையும் இழுத்துக்கொண்டு. வீரையன் அவனைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டு தோளில் தட்டினார். திருமுருகன் உயரம் குறைவுதான். ஆனால் சவரியம்மாள் பரிமாறப் பரிமாற மூன்று முறை சோறு வாங்கினான். அதிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று அவன் ஃபிளோராவைக் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சவரியம்மாள், "அட்ரஸ் பாக்குற வேலைப்பா" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் துரைராசு மெதுவாக ஆரம்பித்தார். பட்டுக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த தேங்காய் மண்டிக்காரர் அஹமது கபீர். தமிழிலும் ஆங்கிலத்திலும் அரபியிலும் இணையதளம் வேண்டுமாம்.

"அரபி வலதுலேருந்து இடதுக்கு எழுதுவாங்களாம்மா. முடியுமா?"

இடதிலிருந்து எழுதிப் பழகிய முகவரிக்குள் வலதிலிருந்து வரும் எழுத்து எப்படி உட்காரும் என்று ஃபிளோரா அந்தக் கணமே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரச் சொல்லுங்கண்ணே" என்றாள்.