பத்து நிமிஷத்தில் போன புள்ளி

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் அவள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த வேகத்தைப் பார்த்து, தையல் மிஷினில் இருந்த அவள் கணவரே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"படிங்க. நான் பிரஷ்ஷை அழுத்தித் தேய்ச்சுட்டேனாம். இருபத்திரண்டு வருஷமா தேய்க்கிறவளுக்கு இவன் எழுதிக் குடுக்கறான்!"

கடையில் அவளுக்கு 'நாலு நிமிஷம்' என்று பெயர். பிளேட் ஆயிற்றா என்று யார் கேட்டாலும் "இன்னும் நாலு நிமிஷம்" என்பாள். கிண்டலாக வைத்த பெயர்தான், நாளடைவில் வருகைப் பதிவேடு தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அந்த நாலு நிமிஷம் சோம்பேறித்தனம் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். தொழில் தெரியாதவர்களுக்கு எல்லாமே சோம்பேறித்தனம்தான்.

அது லேபிள் அச்சகங்களுக்கு ஃபோட்டோபாலிமர் பிளேட் செய்துகொடுக்கும் கடை. பிளேட் என்றால் ரப்பர்போல வளைகிற ஒரு தகடு. அதன்மேல் நெகட்டிவை வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, ஊதா விளக்குகளுக்குக் கீழே வைப்பார்கள். வெளிச்சம் பட்ட இடம் கெட்டிப்படும். படாத இடம் மருந்துத் தண்ணீரில் பிரஷ் போட்டால் கரைந்து போய்விடும். கடைசியில் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். பெரிய எழுத்துக்குக் கவலையில்லை, அரைகுறை வெளிச்சத்திலும் நின்றுவிடும். தனியாக நிற்கிற சின்னப் புள்ளி அப்படியல்ல. அதன் வேர் அடிவரை இறுக வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு மெதுவாகத் தேய்த்தாலும் பிரஷ்ஷோடு போய்விடும்.

அவள் கழுவுகிற ஆளாகத்தான் சேர்ந்தாள். முதல் வருஷம் முழுக்க அந்த மருந்து நெடியில் தலைவலியோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷத்தில் விளக்குப் பெட்டி அவள் பொறுப்புக்கு வந்தது. யாரும் சொல்லாமலே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். திங்கள்கிழமை காலையில் முதல் வேலையாக, வெட்டி எறிகிற ஓரத் துண்டு ஒன்றை எடுப்பாள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஆறு நிமிஷம், எட்டு, பத்து என்று படிப்படியாக வெளிச்சம் காட்டிக் கழுவுவாள். எந்தப் படியில் சின்னப் புள்ளி நிற்கிறதோ அன்றைய கணக்கு அது. விளக்குக்கும் வயசாகும், எரிவது எரிந்துகொண்டேதான் இருக்கும், சத்து குறைந்துவிடும். புது விளக்கில் எட்டு நிமிஷத்தில் நின்ற புள்ளி, போன மாசத் துண்டில் பதினாலுக்குத்தான் நின்றது. துண்டுகளை எல்லாம் முதுகில் தேதி போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

விளக்கை மாற்றச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். கேட்டது மேலாளரிடம். மேலாளர் என்பது பலகையில். மற்றபடி அவர் முதலாளியின் மச்சினர், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்பது அவருக்காகவே சொல்லிவைத்தது. மெஷினோடு வந்த புத்தகத்தில் பத்து நிமிஷம் என்று போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, டைமரைப் பத்திலேயே பூட்டிவிட்டார். புத்தகம் எழுதினவன் புது விளக்குக்கு எழுதினான், இந்தக் கிழட்டு விளக்குக்கா எழுதினான்? அவள் வாதாடிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பத்து முடிந்ததும் திரும்பவும் பொத்தானை அமுக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் எண்ணி மூடியைத் தூக்குவாள். இப்படியே ஏழு மாசம் ஓடியது. பிளேட் ஒன்றும் கெடவில்லை. நாலு நிமிஷம் என்ற பெயருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சிரிப்பு சேர்ந்தது.

அந்த வியாழக்கிழமை ஒரு மருந்துக் கம்பெனி லேபிள். குழந்தைகளுக்கான இருமல் மருந்து. ஐந்து வயசுக்குக் கீழே 2.5 மி.லி. என்று கடுகு எழுத்தில் ஒரு வரி. வாசலில் வண்டி நின்றது. மச்சினர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். மணி அடித்தது. அவள் மறுபடி பொத்தானுக்குக் கை கொண்டுபோனாள்.

"பத்தாச்சு. எடு. உன் நாலு நிமிஷத்துக்கு வண்டி நிக்காது."

எடுத்தாள். கழுவினாள். வழக்கமாகப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்ப்பாள், அதையும் பார்க்க விடவில்லை. உலர்த்தி முடித்ததும் பிளேட் போய்விட்டது.

ஒரு வாரத்தில் லேபிள் சுருள்கள் திரும்பி வந்தன. 25 மி.லி. நல்லவேளை, மருந்துக் கம்பெனியில் சரிபார்க்கிற அம்மாள் பாட்டிலில் ஒட்டுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டார். ஒரு குழந்தை வாய்க்கும் போகவில்லை. போயிருந்தால்? அந்த 'போயிருந்தால்' அவளைச் சாப்பிட விடவில்லை. மச்சினருக்கு அந்தக் கவலையே இல்லை. அவர் உட்கார்ந்து அவள் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 'கவனக்குறைவாகப் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்ததால் புள்ளி அழிந்தது.' நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். போட்டால் இந்தத் தொழிலில் எந்தக் கடைக்குப் போனாலும் அவள் புள்ளியைத் தேய்த்தவள்தான்.

கணவர் தாளைப் படித்துவிட்டு மிஷின்மேல் வைத்தார்.

"பிரஷ்ஷுன்னு எழுதினது பொய். அது சரி. ஆனா எடுத்தது யாரு?"

"அவன்தான் எடுன்னான்!"

"கஸ்டமர் அவசரப்படுத்தறாருன்னு நான் அளவெடுக்காம வெட்டினா, சட்டை யாரைக் கேக்கும்?"

அவள் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள். பாதித் தண்ணீர் துணிக்கட்டின்மேல் தெறித்தது. அவர் துணியை எடுத்து உதறினார். அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது, மச்சினர்மேல் வந்ததைவிட அதிகமாக. நிஜத்தைச் சொன்னால் அப்படித்தான் பொங்கும்.

மறுநாள் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே கடைக்குப் போனாள். அதே நெகட்டிவ், ஒரே பிளேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை. பத்தாவது நிமிஷம் இடது பாதியைக் கறுப்புத் தாளால் மூடினாள், வலது பாதிக்கு இன்னும் நாலு நிமிஷம். பிரஷ்ஷை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போட்டாள். உலர்ந்ததும் நேராக முதலாளி அறைக்குப் போனாள். மச்சினரும் அங்கேதான் இருந்தார்.

"விரல் வச்சுப் பாருங்க முதலாளி. கண்ணு கூட வேண்டாம்."

முதலாளி விரலால் தடவினார். வலது பக்கம் விரல் நின்றது. இடது பக்கம் போயிற்று, திரும்ப வலது பக்கம் வந்தது.

"இங்க இருக்கு. இங்க இல்ல."

"ரெண்டும் என் கைதான். ஒரே பிரஷ்தான்." டின்னை மேஜைமேல் கவிழ்த்தாள். "இந்த விளக்கு மாட்டின நாள்லேர்ந்து ரெண்டு வருஷத் துண்டு. பின்னாடி தேதி இருக்கு. விளக்கு எப்படிச் செத்துதுன்னு வாரா வாரம் எழுதியிருக்கேன்."

"விளக்கை மாத்தணும்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு மச்சினரைப் பார்த்தார். மச்சினர் ஜன்னலைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று மச்சினர் தொண்டையைச் செருமினார். "பத்து போதாதுன்னு தெரியுமில்ல, அப்புறம் ஏன் எடுத்தே? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

 அவளுக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது. அதைவிட மோசம், முந்தின சாயங்காலம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கணவர் கேட்ட அதே கேள்வி இந்த வாயிலிருந்தும் வந்ததுதான்.

"பயந்துட்டேன்" என்றாள். "உங்களுக்குப் பயந்து எடுத்தேன். அது என் தப்பு."

மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்தாள். மச்சினர் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே நின்றபடியே எழுதினாள்: 'பதினாலு நிமிஷம் வேண்டும் என்று தெரிந்தும் பத்தில் எடுத்தேன்.' கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'பதினாலு வேண்டும் என்று சொல்லியும் பத்தில் பூட்டியது நான்.' அந்த வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளையும் பேனாவையும் மச்சினர் பக்கம் தள்ளினாள்.

"இதை மருந்துக் கம்பெனி அம்மாளுக்கு அனுப்புங்க. ரெண்டு கையெழுத்தோட."

மச்சினர் பேனாவைத் தொடவில்லை. முதலாளியும் எடுத்துக் கொடுக்கவில்லை, எடுத்து வைக்கவும் இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"யோசிங்க" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு நிமிஷம் தரேன்."