காசியில் விட்ட தயிர்

காமாக்ஷிக்கு மைசூர் அக்ரஹாரத்தில் சிநேகிதம் என்று ஒருத்தரும் கிடையாது. அதை அவள் குறையாக நினைத்ததும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே அலுவலகத்தில், ஊழியர்களுக்கு இலவசப் பயண பாஸ் கொடுக்கிற பிரிவில் உட்கார்ந்தவள். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கையெழுத்து குறைந்தால் போதும், பெட்டி படுக்கையோடு குடும்பத்தைக் கிளப்பிவிட்டு வந்து நிற்கிற மனுஷனைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவாள். "எல்லாம் இருக்கு, ஒண்ணு இல்லேன்னா எதுவுமே இல்லை" என்பாள். அவள் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்களின் முகத்தில் வழிந்த சந்தோஷம் அவளுக்கும் தெரிந்தது. மாலையைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

புருஷன் சுப்ரமணியன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த சாது. அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்த வருஷமே அவருடைய தம்பி குடும்பத்தோடு காமாக்ஷி காசிக்குப் போனாள். காசிக்குப் போகிறவர்கள் பிடித்தமான ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்பது வழக்கம். தம்பி பெண்டாட்டி பாகற்காயை விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பாகற்காயைத் தின்றதே இல்லை. காமாக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பகவானையே ஏமாத்தறியா நீ?" என்று படித்துறையிலேயே சண்டையைப் பிடித்தவள், அதே சூட்டில் தான் பாலை விட்டதாக உரக்கச் சொன்னாள். பால் மட்டுமில்லை. தயிர், மோர், நெய், வெண்ணெய், பாலில் வந்த அத்தனையும். தயிர் சாதமில்லாமல் ஒரு வேளை இலையைவிட்டு எழுந்திருக்காதவள் அவள். பக்தி கால்வாசி, ஓரகத்தியின் முகத்தில் கரி பூசும் ஆசை முக்கால்வாசி. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கறுப்புக் காபி, ரசம் சாதம், எண்ணெயில் தாளித்த பொங்கல். அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அவள் வீட்டில் பதினான்கு வருஷமாகச் சமைத்தவள் சித்தம்மா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி. கறி மீன் தொடாத லிங்காயத்துக் குடும்பம். புருஷன் இல்லை, பிள்ளையில்லை. காலை ஆறு மணிக்குக் காமாக்ஷி வீட்டில் தொடங்கி, அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் சமைத்துவிட்டு மத்தியானம் வித்யாரண்யபுரத்திலிருக்கிற தன் வீட்டுக்கு நடந்து போவாள். வெற்றிலை போடுவாள், இடுப்புச் சுருக்குப்பையில் எந்நேரமும் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பி இருக்கும். இந்தப் பதினான்கு வருஷத்தில் காமாக்ஷி அவளை ஒரு தடவைகூட மெச்சியதில்லை. தினமும் முழுச் சாப்பாட்டையும் வழித்துச் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

போன ஆடியில் காமாக்ஷியின் நாக்கு எரிய ஆரம்பித்தது.

"என்னடி இது, ரசமா நெருப்பா?"

"காரம் போடலீங்க அம்மாவ்ரே. முந்தாநேத்தே மொளகா வேண்டாம்னீங்கல்ல. வெறும் மெளகு, ஜீரகந்தானுங்க."

மறுநாள் மிளகும் இல்லை. அப்போதும் எரிந்தது. அதற்கு மறுநாள் வெறும் சாதத்தில் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள், சாதமே எரிந்தது. பாதத்தில் எந்நேரமும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தரையில் ஆசிட் ஊற்றித் துடைக்கிறாள் என்று சித்தம்மாமேல் பாய்ந்தாள். தேவராஜ மார்க்கெட்டில் ஒரு கால் செருப்பு கழன்று போனது தெரியாமல் வீடுவரை நடந்து வந்துவிட்டு, யாரோ திருடிவிட்டார்கள் என்று கத்தினாள். பூட்டின கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை இறங்கிப் பார்த்தாள். அதற்கும் சித்தம்மாதான் காரணம், சாவியை அவள் இடம் மாற்றி வைக்கிறாள் என்றாள். ராத்திரி படுத்தால் இவளுக்கு என்மேல் என்ன விரோதம் என்ற ஒரே நினைப்பு. யோசித்து யோசித்துப் பார்த்ததில், அந்தப் பித்தளை டப்பி கண்முன் வந்து நின்றது. சுண்ணாம்பு! நாக்கு வேகாமல் என்ன செய்யும்?

வீட்டுக்குள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஆஞ்சநேயர் கோயிலில் புளியோதரை வாங்க முப்பது பேர் வரிசையில் நிற்கையில், பின்னால் தூக்குப் பாத்திரத்தோடு நின்ற சித்தம்மாவைக் கைநீட்டிக் காட்டினாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று முதலில் கன்னடத்தில் சொன்னாள். அப்புறம் ஆத்திரம் தாளாமல் தமிழிலும் சொன்னாள்.

"இவ என் சாதத்துல சுண்ணாம்பைக் கலக்கறா! மெதுமெதுவா என்னைக் கொல்லப் பாக்கறா!"

சித்தம்மா தூக்கைக் கீழே வைத்தாள்.

"உங்க வூட்டுக்கு வராதேன்னா வரலீங்க. ஆனா கையக் குத்தஞ் சொல்லாதீங்க அம்மாவ்ரே. இந்தக் கையத் தவுர எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

அந்தத் தெரு ஜனங்களை என்ன சொல்ல? அவள் கையால் பிஸிபேளே பாத் தின்று வளர்ந்த உடம்புகள். ஒருத்தராவது "சும்மா இரு காமாக்ஷி, உளறாதே" என்றிருக்க வேண்டாமா? யாரும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மூன்று வீட்டிலும் சித்தம்மாவை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி ஊருக்குப் போகிறோம் என்றாள், ஒருத்தி மருமகள் சமைக்கிறாள் என்றாள், இன்னொருத்தி கதவையே திறக்கவில்லை.

காமாக்ஷிக்கு அதுவும் போதவில்லை. போலீஸில் புகார் கொடுக்கப் போனாள். டாக்டர் சீட்டு இல்லாமல் விஷம் என்று எழுத முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். காகிதம் குறைந்தால் காரியம் நடக்காது என்பது அவளுக்கா தெரியாது? நேராகப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாள்.

"என் ரத்தத்துல விஷம் இருக்கு. டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுங்கோ."

டாக்டர் ஜோவிதாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரிக்காத முகம். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். காமாக்ஷி அப்படியே சாய்ந்தாள், டாக்டர் பிடித்துக்கொண்டாள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். காசிக் கதையைக் காமாக்ஷி கர்வத்தோடு சொன்னாள். டாக்டர் எதையோ எழுதி ரத்தம் எடுக்க அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது.

"விஷம் இல்லம்மா."

"அப்போ உங்க மிஷின் சரியில்லை."

"மிஷின் சரியாத்தான் இருக்கு. உங்க ரத்தத்துல யாரும் எதையும் போடல. இருக்க வேண்டிய ஒண்ணு இல்ல. பி-12னு ஒரு வைட்டமின். இருநூறுக்கு மேல இருக்கணும், உங்களுக்கு எண்பத்துநாலு."

"வைட்டமினா? மூணு வேளை சாப்பிடறேன் நான்!"

"சாப்பிடறது வேற, இது வேற. வைட்டமின் பசி ஆத்தாது. சாப்பிட்டத வெச்சு உடம்பு வேலை செய்யணும்னா அது கூட இருக்கணும். நாக்குல பழைய தோல் தேஞ்சு புதுசு வளரணும், ரத்தத்துல புது அணு வரணும், அதுக்கெல்லாம் பி-12 வேணும். ஒயர்மேல ரப்பர் மாதிரி நரம்புமேல ஒரு உறை இருக்கு, அது கெடாம இருக்கவும் வேணும். ஒரு நாளைக்குக் கண்ணுக்கே தெரியாத துளிதான் வேணும். அந்தத் துளிய உடம்பு தானாப் பண்ணிக்காது. செடி கொடியிலயும் கிடையாது. உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி, அத நீங்க கங்கையில விட்டுட்டீங்க."

"ஆறு வருஷமா நன்னாத்தானே இருந்தேன்?"

"ஈரல்ல சேத்து வெச்சிருந்தது. அத எடுத்து எடுத்து ஓட்டியிருக்கு உடம்பு. இப்போ காலி. வயசாக ஆக வயிறும் சரியா உறிஞ்சறதில்ல." டாக்டர் பேனாவை மூடினாள். "எங்கப்பா பேர் இஸ்ரவேல். உங்க ஆபீஸ்தான். வேளாங்கண்ணிக்குப் போக நாங்க எல்லாரும் ஸ்டேஷன்ல நிக்கறோம், ஒரு கையெழுத்து இல்லேன்னு நீங்க பாஸ் குடுக்கல. எங்கம்மா பிளாட்பாரத்துல உக்காந்து அழுதாங்க. அந்தக் கையெழுத்துதாம்மா வைட்டமின். அரிசி, பருப்பு எல்லாம் வந்து வரிசைல நிக்குது, உள்ள வேலை நடக்க மாட்டேங்குது."

காமாக்ஷிக்குச் சுருக்கென்றது. ஆனால் இறங்கி வருகிற ஜாதியா அவள்?

"காசியில விட்டதை வாயால தொடமாட்டேன்."

"வாயால வேண்டாம். ஊசியால போடறேன்."

"ஊசியில என்ன இருக்கு? மாமிசமா?"

"தொட்டியில கிருமிய வளத்து அதுலேந்து எடுக்கறாங்க. மாட்டு வயித்துலயும் கிருமிதான் பண்ணுது. திரும்பி உக்காருங்க."

எழுந்து போகும்போது காமாக்ஷி வாசற்படியில் நின்றாள். "அப்போ அந்தச் சுண்ணாம்பு?"

"சுண்ணாம்பு பட்டா வெந்து புண்ணாயிருக்கும். உங்க நாக்கு வழுவழுன்னு செவந்து கிடக்கு. இல்லாததுதாம்மா எரிஞ்சுது." காமாக்ஷி யாரை நினைத்துக் கேட்கிறாள் என்று டாக்டருக்கும் தெரிந்திருந்தது. அக்ரஹாரத்தில் தெரியாதவர் யார்? "மறதி, சந்தேகம், கோபம்கூட இதனால வரும். ஆனா எல்லாத்தையும் அதுமேல போட்டுடாதீங்க."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. ஆறாவது ஊசி போட்ட மறுநாள் ரசம் எரியவில்லை. உப்பு உப்பாகத் தெரிந்தது. பூட்டியது பூட்டியதாக ஞாபகம் இருந்தது. தான் கோயிலில் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. அப்படியும் பதினோரு நாள் சித்தம்மா இருக்கும் பக்கம் போகவில்லை. அந்தப் பதினோரு நாளை எந்த வைட்டமின் கணக்கிலும் சேர்க்க முடியாது. அது முழுக்க முழுக்கக் காமாக்ஷியின் திமிர்தான்.

பன்னிரண்டாம் நாள் கைத்தடியோடு ஆட்டோ ஏறி வித்யாரண்யபுரம் போனாள். சித்தம்மா கல்யாணச் சத்திரத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அங்கே அடுப்புப் பக்கம் அவளை விடுவதில்லை. சேதி அங்கேயும் போயிருந்தது. விரலிடுக்கெல்லாம் சோப்பு அரித்துப் புண். வா என்று சொல்லவில்லை. கதவை மறித்து நின்றாள்.

காமாக்ஷி ரிப்போர்ட்டை நீட்டினாள். "எனக்கு வைட்டமின் இல்லையாம். அதான் நாக்கு எரிஞ்சுதாம். கோபமும் அதனாலதான்னு டாக்டரே சொல்லிட்டா. நான் வேணும்னு சொல்லலை, புரியறதா?"

சித்தம்மா காகிதத்தைத் தொடவில்லை.

"இத ஏனுங்க எனக்குக் காட்டறீங்க? நான் சுண்ணாம்பு போடலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? கோயில்ல முப்பது பேரு முன்னால சொல்றப்ப சீட்டையா காட்டுனீங்க? அங்க சொன்னத அங்க போயிச் சொல்லுங்க. அதே சத்தத்துல சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மூஞ்சியில் ஜன்னலைச் சாத்தியவளுக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை புளியோதரை வரிசையில் காமாக்ஷி நின்றாள். தன் முறை வந்தும் நகரவில்லை. திரும்பி நின்று முதலில் கன்னடத்தில் சொன்னாள். அப்புறம் தமிழில்.

"சித்தம்மா ஒண்ணும் கலக்கலை. என் உடம்புல வைட்டமின் இல்லை, அதுல நாக்கு எரிஞ்சுது. நான் அவமேல அபாண்டமா பழி போட்டேன். தப்பு என்னோடது. நான் சொன்னேன்னு கேட்டேளே, பதினாலு வருஷமா அவ கையால தின்ன நீங்கள்லாம் ஒரு வார்த்தை எதுத்துக் கேட்டேளா? வெக்கமா இல்லை?"

மன்னிப்பு கேட்கும்போதும் திட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை. பிரசாதம் வாங்காமலே வரிசையைவிட்டு விலகி நடந்தாள்.

அந்த வாரமே மூன்று வீட்டிலிருந்தும் சித்தம்மாவுக்குப் போன் போயிற்று. எதுவுமே நடக்காத மாதிரி பேசினார்கள். கதவு திறக்காதவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சித்தம்மா ஒப்புக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு அதே தெருவில் அதே சுருக்குப்பையோடு வந்தாள். காமாக்ஷியின் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை.

நாலு நாள் ஜன்னலிலிருந்து பார்த்த காமாக்ஷி, ஐந்தாம் நாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பாதம் இன்னும் மரத்தேதான் இருந்தது. இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்ட நரம்பு முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றிருந்தாள் டாக்டர்.

"கோயில்ல சொல்லிட்டேனோல்லியோ. வரயாடி?"

சித்தம்மா நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"சொன்னீங்க, கேட்டேனுங்க. எம் பேர எனக்குக் குடுத்துட்டீங்க, அது போதும். உங்க நாக்குக்கு ஊசி இருக்குதுங்க அம்மாவ்ரே. கொல்லப் பாக்கறான்னு கேட்ட என் காதுக்கு என்ன ஊசி இருக்குது?"

அவள் நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காமாக்ஷி தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய், தான் வைத்த ரசத்தைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். புளி பச்சையாக நின்றது, உப்பு கரித்தது. நாக்குக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. தட்டில் இருந்த மீதியையும் சாப்பிட்டு முடித்தாள்.