நிற்குமா, நிற்காதா

“…இதுவரைக்கும் நிக்கலைன்னுதான் சொல்லலாம் சார், நிக்கவே நிக்காதுன்னு எப்படிச் சொல்வீங்க?” என்றார், செய்முறைத் தேர்வு நடத்தத் திருப்பதியிலிருந்து எங்கள் சித்தூர் கல்லூரிக்கு வந்திருந்த மேடம்.

ஒரு மாணவி எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. “லூப்புல மாட்டிக்கினு சுத்துது மேடம்காரு, ஃபெயில் போட்டுடலாம்” என்றார் எங்கள் சார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. லேபைப் பூட்ட வேண்டிய நான் சாவியோடு நின்றேன்.

மேடம் நரைத்த குட்டைப் பின்னல்காரர். பேசும்போதெல்லாம் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

“முன்ன இருந்த நிலைமையே அச்சு அசலாத் திரும்ப வந்துதுன்னா, சுத்துதுன்னு நானே சொல்லிடுவேன். இங்க திரையில வர்ற ஒவ்வொரு எண்ணும் புதுசா இல்ல வந்துக்கினு இருக்குது? பாதி கதை கேட்டு முடிவு சொல்ல நாம என்ன ஜோசியரா?”

“அப்போ நிக்கும்ங்கிறீங்களா?”

“அதுவும் தெரியாது சார்.”

‘தெரியாது’ என்பதை இத்தனை நிம்மதியாகச் சொன்ன படித்தவரை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

“உங்க பஸ் போயிடும் மேடம்” என்றேன்.

“போவட்டும் நைனா.”

மார்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த திரையைத் தன் பார்வையில் படாதபடி திருப்பி வைத்தார். அந்தப் பெண்ணை அருகில் உட்காரவைத்து, அவள் விடைத்தாளில் எழுதியிருந்த புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.