இரண்டு ஊர்ப் பகையும் என் மாமனாரும்

மஞ்சள் நுரைப்பஞ்சில் செய்த தொப்பி அது. பாலாடைக்கட்டியை முக்கோணமாக வெட்டித் தலையில் வைத்ததுபோல் இருக்கும். கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கேன்டீனில், ஒரு மதியம், அதைப் போட்டுக்கொண்டு இரண்டு காதுகளையும் பிடித்தபடி தோப்புக்கரணம் போட்டேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டி எண்ணினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வரவேற்பறையில், என் மாமனார் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அமெரிக்கக் கால்பந்தின் பழைய ஆட்டப் படங்களைப் பார்த்து, பந்தை யார் பிடித்தார், யார் யாரைச் சாய்த்தார் என்று குறித்துவைப்பது எங்கள் வேலை. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்து கையில்தான் இருக்கும். எங்களுக்கு வந்தவை இரண்டு அணிகளின் ஆட்டங்கள். ஒன்று பெரிய நகரத்து அணி, மற்றது அதற்கு வடக்கே குளிர் தேசத்துச் சின்ன ஊர் ஒன்றின் அணி. நூறு வருடங்களாக இரண்டுக்கும் பகை. தொடக்க காலத்திலேயே மைதானத்தில் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. சின்ன ஊர் அணிக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ஊர் ஜனங்களே பங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன பகுதி அது. தலைக்குள் மூளை இல்லை, பாலாடைக்கட்டிதான் இருக்கிறது என்று பெரிய நகரத்துக்காரர்கள் கேலி பேச, இவர்கள் அந்தக் கேலியையே தொப்பியாக்கித் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

நாங்கள் பெரிய நகரத்தைக் குறிக்கும் குழு, சின்ன ஊரைக் குறிக்கும் குழு என்று பிரிந்திருந்தோம். தாம்பரத்திலிருந்து ஒரே வேனில் பேசிச் சிரித்து வருபவர்கள், அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இரண்டு ஊர்க்காரர்களாகிவிடுவோம். அந்த அணிகள் மோதும் வாரத்தில், தோற்ற பக்கத்துக் குழுத் தலைவர் எதிரணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு தோப்புக்கரணம் போட வேண்டும் என்று பந்தயம். அந்த முறை தோற்றது பெரிய நகரம். அந்தக் குழுத் தலைவன் நான்.

மாமா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஸ்தினாபுரத்தில் வீடு. நான் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். வேண்டாம் மாமா என்று எத்தனையோ முறை சொல்லியும் விடவில்லை. இளைய மகள் கல்யாணத்துக்கு என் மேனேஜரை நேரில் அழைக்க வேண்டும், அதுதான் மாப்பிள்ளைக்கு மரியாதை என்று நினைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பஸ் மாறி வந்திருக்கிறார். சாயங்காலம் வரவேற்பறைப் பெண் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். “உங்க மாமனார் வந்தாரு சார். கூப்பிடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னு குடுத்துட்டுப் போயிட்டாரு.” எந்நேரத்துக்கு வந்தார் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் என்றாள். காதுமடல்கள் இரண்டும் சுட்டன.

அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மனைவியிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கல்யாணத்தில் என்னை அவர் கவனித்த விதத்தில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பந்தியில் பக்கத்திலேயே நின்று, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானாக எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் இருந்தேன். கல்யாணக் களைப்பு தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை டீக்கடைக்கு என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“மாப்ள, அந்த ஆபீஸ் உங்களுக்கு வேணாம்” என்றார். “எம் பொண்ணுக்காக நீங்க எல்லாத்தையும் பொறுத்துக்கிறீங்க. எனக்குப் புரியுது. பல்லாவரத்துல ஒரு கம்பெனி. சொல்லி வச்சிருக்கேன். போய் நின்னா போதும், எடுத்துப்பாங்க.”

யாரிடம் சொன்னீர்கள் மாமா என்று கேட்டேன். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “பொழிச்சலூர்ல.”

பொழிச்சலூர் என்றால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வருவார். ஒர்க்‌ஷாப்பில் எதிர்ச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். எப்போதோ ஒரு வேலைநிறுத்தத்தில், உங்கள் ஆட்கள் எங்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லப்போய், பேச்சு நின்றுபோனது. கல்யாணப் பந்தியில் அவரைக் கண்டால் மாமா இலையைவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவரின் வீட்டு வாசலில், என் பொருட்டுப் போய் நின்றிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அது தண்டனை இல்லை மாமா, விளையாட்டு. இரண்டு ஊர், நூறு வருடப் பகை, பந்தயம், தொப்பி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சகிக்கவில்லை. எப்படியாவது அவர் முகத்தைத் தெளிய வைக்க வேண்டும் என்று, அந்தப் பகையில் எனக்கு மிகவும் பிடித்த கதையையும் சொன்னேன். சின்ன ஊருக்கு மைதானம் போதவில்லை. புதிதாகக் கட்டலாமா என்று ஊரே ஓட்டுப் போட வேண்டியிருந்தது. அப்போது பெரிய நகரத்து அணியின் முதலாளியே அந்த ஊருக்குப் போய், கட்டிக்கொள்ளுங்கள் என்று ஜனங்களிடம் பேசினார்.

“எதிரியா?”

“ஆமா மாமா. இவங்க இல்லைன்னா அவர் யார்கூட ஆடுவாரு?”

மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். டீயில் ஏடு படிந்துவிட்டது. பிறகு சொன்னார், “பொழிச்சலூர்க்காரனுக்கு இது தெரிய வேணாம் மாப்ள. ஒண்ணுமில்லாததுக்குப் போய் நின்னிருக்கேன்.”

அவர் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் பொழிச்சலூர்ப் பெரியவர் என்னை நம்பி அந்தக் கம்பெனி முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கோ அந்த வேலை தேவையில்லை. மறுநாள் பொழிச்சலூர் போனேன். விமானம் தலையைத் தொடுவதுபோல் இறங்கும் தெரு. பெரியவர் லுங்கியோடு கதவைத் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. விமானச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“உங்க மாமனாருக்கு விஷயம் தெரியுமா தம்பி?”

“தெரியும் சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

“அப்போ நீ சொல்லல. எனக்கு எதுவும் தெரியாது. அவ்ளோதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவரு அன்னிக்கு வந்து செருப்பக் கூட கயட்டாம வாசல்லயே நின்னுகினு பேசினாரு. உள்ள வாங்கன்னு கூப்ட எனக்கு வாய் வர்ல” என்றார்.

அடுத்த வாரம் அவர் அஸ்தினாபுரத்துக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். கையில் ஒரு பை ஆரஞ்சு. மாமாவைப் பார்த்து, “கம்பெனிக்காரன் கைய விரிச்சிட்டான்பா. நீ கேட்டு வந்தே, என்னால முடியல. நேர்ல சொல்லணும்னு தோணிச்சு” என்றார். பொய்யை அவ்வளவு நேராக நிமிர்ந்து சொன்னவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா, தான் கேட்டதே வீண் என்று தெரிந்தவர், தலைகுனிந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அது பொய் என்று தெரிந்த ஆளாக இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். உள்ளே போய்க் காபி எடுத்து வரும் சாக்கில் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து வாராவாரம் வந்தார். பழைய வேலைநிறுத்தத்தைப் பற்றி மறுபடியும் சண்டை போட்டார்கள்; இந்த முறை உட்கார்ந்து சண்டை போட்டார்கள். கிளம்பும்போது நான் கேட் வரை கூடப் போவேன். மாமாவுக்குக் கேட்காத தூரம் வந்ததும், “உன் ஆளுங்க இந்த வருசம் இன்னா பண்ணாங்க?” என்று என் கால்பந்து அணியைப் பற்றித் தணிந்த குரலில் கேட்பார்.

சமீபத்தில் அவர் இறந்துபோனார். மாமாவுக்கு இப்போது முட்டி வலி. துக்க வீட்டுக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். வாசலில் பெரியவரின் மகள் அழுத கண்களோடு என்னைப் பார்த்தவள், துக்கத்துக்கு நடுவிலும் லேசாகப் புன்னகைத்தாள். “தோப்புக்கரணம் போட்ட மாப்ள நீங்கதானா? அப்பா எங்ககிட்ட மட்டும் சொல்லுவாரு. உங்க மாமனார் முன்னாடி மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு.” சொல்லி முடித்த பிறகுதான் என் பின்னால் நிற்பவர் யார் என்று அவளுக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில், பம்மல் தாண்டியதும் மாமா கேட்டார்.

“எப்பலேர்ந்து மாப்ள அவனுக்குத் தெரியும்?”

“மொதல்லேர்ந்தே மாமா. நான்தான் போய்ச் சொன்னேன்.”

கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வெளியே பார்த்தபடி இருந்தார்.

“எனக்காகப் பொய் சொல்ல அவன் நம்ம வூடு தேடி வந்திருக்கான்” என்றார். “நான் ஒருதடவகூட அவன் வூட்டுக்குள்ள போய் உக்காரல. இன்னிக்கும் வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்.”

ஆட்டோவைத் திருப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோது, அவராகவே முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.