தேயிலைச் சாயம் போட்ட காட்டுமாடு

போன வாரம் தூண்பாறைப் பக்கம் சுற்றுலா வேனை நிறுத்தியிருந்தேன். மூடுபனியில் பாறையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. ஆனாலும் வந்தவர்கள் இறங்கிப் போய் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கல்லூரிப் பெண் மட்டும் பின் சீட்டிலேயே இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து 'கறுக், கறுக்' என்று ஒரு சத்தம், எலி முறுக்குத் தின்கிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். மடியில் ஸ்பாஞ்சு, அதன்மேல் கலர்க் கம்பளிப் பஞ்சு. அதை ஊசியால் குத்திக் குத்திப் பூனை செய்துகொண்டிருந்தாள்.

"ஆன்லைன்ல வாங்குனதுண்ணா. எல்லாமே பெட்டிக்குள்ளயே இருக்கு" என்றாள்.

தலையாட்டினேன். ஸ்டியரிங்கில் கிடந்த என் விரல்கள்தான் சும்மா இருக்கவில்லை.

அந்தச் சத்தத்தை நான் ஊரடங்கில் கேட்டேன், என் கையாலேயே. மலைக்கு ஆட்கள் வரக்கூடாது என்றதும் வேன் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். நோயாளிகளோடு இருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். வீட்டில் நானும் எங்கள் ஐந்து வயது மகள் பிரின்சியும். நாள் முழுக்க வளைவுகளில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு எனக்கு. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும், எழுந்தால் எங்கே போவது என்று கேட்கும். ஓடாத வண்டியைத் தினமும் துடைத்தேன். தார்ப்பாய்க்குள் நுழைந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "வண்டி எங்க, திண்டுக்கல்லுக்கா?" என்று கேட்டபிறகுதான் அதை விட்டேன்.

பிரின்சி நேர்மாறு. ஜன்னலோரம் அசையாமல் இருப்பாள். பேச்சே நின்றுபோயிருந்தது. சாயங்காலம் அவளை ஆஸ்பத்திரிப் பின்சுவர் வரை கூட்டிப்போவேன். அந்தப் பக்கம், எட்டத்தில், ஜெசிந்தா முகக்கவசத்தோடு வந்து நின்று கையசைப்பாள். பிள்ளை என் காலுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளும். "அம்மா மேல கோவமா பாப்பா?" என்பாள் ஜெசிந்தா. அவள் திரும்பிப் போவதைப் பார்க்க முடியாமல் நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஒருநாள் போனில் ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெளிநாட்டுப் பெண் கம்பளியைக் குத்தி எலி செய்தாள். பிரின்சி விரலை வைத்து, "இது" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல். விடுவேனா?

கவுஞ்சி மலைக்கிராமத்திலிருந்து காரட் ஏற்றிவரும் செல்வராசுவிடம் ஆட்டு ரோமம் கேட்டேன். "ஏலே, ஆட்டு மசுர வச்சு என்ன சோலி ஒனக்கு? தலையில ஒட்டப் போறியா?" என்றான். என் தலையைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் மறுநாளே ஒரு சாக்கு வந்தது. பிரித்ததும் வீடெல்லாம் ஆட்டுக்கிடை நாற்றம். புழுக்கை, பிசுக்கு, நெருஞ்சி முள். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, வேட்டி கசக்குவது போலக் கசக்கினேன். எல்லாம் சுருங்கிக் கெட்டித்து அடை மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தடவை வெறுமனே ஊறவைத்து அலசி, பேன்சீப்பால் சீவினேன்.

வீடியோவில் இருந்த ஊசியில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. அவைதான் இழைகளை உள்ளே இழுக்கும். நான் ஜெசிந்தாவின் தையல் மிஷின் ஊசிகளை எடுத்து, ரம்பம் தீட்டும் அரத்தால் ராவினேன். பாதி ஒடிந்தன. பிழைத்ததைப் பேனாக் குழலுக்குள் செருகினேன். அடியில் வைத்துக் குத்த வேனின் பழைய சீட்டு நுரை. அந்த நாட்களில் காட்டுமாடுகள் ஆளில்லாத தெருவுக்குள் வந்து நின்றன. அதையே செய்யலாம் என்று ரோமத்தைத் தேயிலைத் தண்ணீரில் கொதிக்கவிடாமல் ஊறப்போட்டேன். காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அதற்குச் சாயமே வேண்டாம். கண்ணுக்கு மிளகு.

குத்தினேன், குத்தினேன். பஞ்சை விட விரலில் அதிகம் குத்தினேன். ஆனால் கால்கள் அலையாமல் ஓரிடத்தில் இருந்தன. பிரின்சி கிட்டே வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"உருளக்கெழங்காப்பா?"

"காட்டுமாடுடா."

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலம் என் இடுப்பில் இருந்தபடியே சுவருக்கு மேலே அதைத் தூக்கிப் பிடித்தாள். முகம் மட்டும் இன்னும் என் சட்டைக்குள். "அம்மா எப்ப வருவாங்கன்னு இது கேக்குது."

"வெரசா வந்துருவேன்னு சொல்லு."

"இதுக்கு ஒங்க மேல கோவம்."

"இருக்கட்டும்டா. கோவமாவே இருக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா.

அவள் வீட்டுக்கு வந்தபோதும் பிள்ளை அவளிடம் போகவில்லை. மாட்டை அனுப்பித்தான் தண்ணீர் கேட்டது. ஜெசிந்தாவுக்கோ எதைத் தொட்டாலும் கிருமி பயம். நான் பால் வாங்கப் போன நேரத்தில் துணிகளோடு காட்டுமாட்டையும் கொதிநீரில் போட்டுக் கிளறிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், சாயம் போய், கொம்பு உதிர்ந்து, பாதியாகச் சுருங்கிய ஒன்றைக் கரண்டியில் ஏந்தியபடி அடுப்படியில் நின்று அழுகிறாள். எத்தனை சாவைப் பார்த்து அடக்கி வைத்த அழுகையோ.

பிரின்சி கரண்டியை எட்டிப் பார்த்தாள். "குட்டியா ஆயிருச்சும்மா. அழுவாதீங்க" என்று சொல்லி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு யாரும் மாட்டின் வாயால் பேசவில்லை.

கொஞ்ச நாளில் மலைக்கு வருகிறவர்களுக்குப் பாஸ் கொடுத்தார்கள். வண்டிகள் ஏறின, நானும் தார்ப்பாயை உருவினேன். இப்போது சீசனில் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறேன். ஊரடங்கு நாட்களில் நானும் பிரின்சியும் ரோட்டின் நடுக்கோட்டில் நடப்போம். அவள் கோட்டை விட்டு இறங்கவே மாட்டாள். இறக்கிவிட ஒரு வண்டியும் வராது. இன்று அதே ரோட்டில் ஹார்ன் அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். நேற்று அப்படி ஒட்டி நின்றவர்களில் ஒருத்தி, எந்த வண்டி என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், என் மகள்.